அரிச்சந்திரனைப் படமெடுத்த பால்கே

இவ்வாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, தமிழகத்துப் பெரியார் எவரையேனும் எழுதுவோம் என்றே முதலில் எண்ணினோம். ஆனால் மாதுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பத்தார் நாள்தோறும் கடந்து செல்லும் தாதரில், கிழக்குப் பக்கத்துச் சாலை ஒன்றிற்குத் தாதா சாகேப் பால்கேயின் பெயர் சூட்டப்பட்டிருப்பதை நினைந்தோம். அப்பெயரை நம் சிறுவர் ஒரு விருதின் பெயராக மட்டுமே அறிவர். 1996ஆம் ஆண்டிற்குரிய அவ்விருதைச் சிவாஜி கணேசன் பெற்றார்; 2010ஆம் ஆண்டிற்குரியதைக் கே. பாலசந்தர் பெற்றார், 2019ஆம் ஆண்டிற்குரியதை ரஜினிகாந்த் பெற்றார். விருதைப் பெற்றவர்களை அறிந்த அளவு, விருதுக்குப் பெயர் தந்தவரை நாம் அறிந்திலோம். அவர் வாழ்ந்த வீடும், இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் உருவான கூடமும் நாம் காய்கறி வாங்கச் செல்லும் வழியிலேயே இருந்தன என்பது நினைக்குந்தோறும் வியப்பைத் தருகின்றது. ஆதலின் அவர் வரலாற்றையே எழுதத் துணிந்தோம்.

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரத்தில் பிறந்தார். தந்தையார் வடமொழி வல்ல சாத்திரியார். பம்பாய் வில்சன் கல்லூரியில் ஆசிரியப் பணி கிடைக்கவே குடும்பம் பம்பாய் வந்து சேர்ந்தது. மகன் வேதம் ஓதுவான் என எதிர்பார்த்த வீட்டில் ஓவியம் வரையும் பிள்ளை பிறந்துவிட்டான். 1885இல் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார், பின்னர்ப் பரோடாவின் கலாபவனத்தில் பயின்றார். ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, ஒளிப்படம் என்று கைக்கு எட்டிய எல்லாவற்றையும் பற்றினார். எதனையும் முழுமையாகக் கற்றுத் தேர்ந்த பின்னரே தொழிலாகக் கொள்வது என்ற வழக்கம் அவரிடம் இல்லை.

இதனை அக்காலத்து உறவினர் நிலையின்மை என்றே கருதியிருப்பர். இன்று நம் குடியிருப்பில் ஒரு பிள்ளை இவ்வாறு தொழில் மாறி மாறித் திரிந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவனுக்கு அறிவுரை கூற எத்தனை பெரியவர்கள் கூடுவர் என்பதை யாம் சொல்ல வேண்டியதில்லை. கோத்ராவில் ஒளிப்படக் கூடம் வைத்தார். அங்கே 1900ஆம் ஆண்டுப் பிளேக்கு நோயில் மனைவியையும் குழந்தையையும் இழந்தார். ஊரை விட்டு நீங்கினார். பரோடாவில் மீண்டும் கூடம் தொடங்கினார். படம் எடுத்தால் உடலின் வலிமையைக் கருவி உறிஞ்சிவிடும் என்று வதந்தி பரவவே வருவோர் குறைந்தனர். செருமானிய மாயவித்தைக்காரர் ஒருவரிடம் வித்தை கற்று, தம் பெயரைத் திருப்பிப் போட்டுக் கேல்பா என்ற பெயரில் மேடையேறினார். 1902இல் மறுமணம் செய்துகொண்டார். அம்மையார் பெயர் மணத்திற்குப் பின் சரசுவதி பாய் ஆயிற்று. இப்பெயரை அன்பர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இவ்வரலாற்றில் பாதி அவருடையது.

1903இல் தொல்பொருள் துறையில் வரைவாளராக அமர்ந்தார். அரசாங்க வேலை, மாதச் சம்பளம், குடும்பத்திற்கு நிழல். ஆனால் சுதேசி இயக்கம் எழுந்த காலத்தில் அதனைத் துறந்தார். அச்சுத் தொழிலில் இறங்கி, இரவிவர்மாவின் வண்ணப் படங்களை அச்சிட்ட கூடத்திற்கு உழைத்தார். சொந்த அச்சகம் நிறுவினார். 1909இல் வண்ண அச்சுப் பொறிகளின் பொருட்டுச் செருமனிக்கும் சென்று வந்தார். அச்சகம் செழித்தது. பங்காளிகளோடு பிணக்கு நேர்ந்தது. ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டு வெளியேறிவிட்டார். வேறு அச்சகம் தொடங்கப் பொருள் தர வந்தோரையும் மறுத்தார். கையில் தொழில் இல்லை. வயது நாற்பதைக் கடந்துவிட்டது. வீட்டிலோ சிறு குழந்தைகள்.

இந்நிலையில் 1911ஆம் ஆண்டு ஈசுட்டர் நாட்களில், கிர்காமில் இருந்த அமெரிக்கா–இந்தியா படக்கொட்டகைக்கு மகனை அழைத்துச் சென்றார். திரையில் விலங்குகள் ஓடுவதைக் கண்ட சிறுவன் வீட்டிற்கு வந்து சொன்னபோது எவரும் நம்பவில்லை. மறுநாள் குடும்பத்தோடு சென்றனர். அன்று பண்டிகை நாளாதலின் ஏசுநாதரின் வாழ்க்கைப் படம் காட்டப்பட்டது. கொட்டகையில் அமர்ந்திருந்த பால்கேயின் கண்முன் ஏசுநாதர் நடந்தார். மனக்கண் முன்னோ கண்ணனும் இராமனும் கோகுலமும் அயோத்தியும் நடந்தன. நம் நாட்டுக் கதைகளை நம் நாட்டார் இவ்வாறு திரையில் காண்பது எந்நாள் என்ற எண்ணம் அவரைப் பற்றியது. அவ்வெண்ணத்தை அன்றே மனைவியாரிடம் கூறினார் என்பர்.

அவருக்குப் படமெடுக்கத் தெரியாது. கருவி இல்லை. கற்பிக்க நாட்டில் எவரும் இல்லை. முதலில் என்ன செய்தார் எனில், சிறிய கருவி ஒன்றும் பழைய படச்சுருள்களும் வாங்கி, இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தைக் கண்ணாடி வில்லையில் செலுத்திச் சுவரில் படம் காட்டிப் பார்த்தார். பகலில் கொட்டகை கொட்டகையாகச் சென்று நான்கு ஐந்து மணி நேரம் படம் பார்த்தார். உறக்கம் குன்றியது, கண் நொந்தது, ஒரு கட்டத்தில் பார்வையே அற்றுப்போயிற்று. மருத்துவர் ஒருவரின் அன்பான சிகிச்சையாலும், மாற்றி மாற்றி அணிந்த மூக்குக்கண்ணாடிகளாலும் பார்வை மீண்டது. மீண்டதும் செய்த முதல் காரியம், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. இதனைத் துணிவு என்பதா, பேதைமை என்பதா என்று யாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அருகில் இருந்து பார்த்த மனைவியாருக்கு அது எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதையும் எண்ணினோம்.

கருவிகளைக் கண்டறிய இலண்டன் செல்லவேண்டும், பொருள் வேண்டும். பன்னீராயிரம் ரூபாய் மதிப்புள்ள தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை ஈடு வைத்துப் பதினாயிரம் ரூபாய் கடன் பெற்றார். தாம் இறந்தால் குடும்பம் பிழைப்பதற்கென்று சேர்த்ததை, தாம் வாழும்போதே ஒரு பெட்டியின் பொருட்டு அடகு வைத்தார் என்று சொல்லலாம். 1912ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கப்பலேறினார்.

இலண்டனில் அவருக்கு அறிமுகமானவர் எவரும் இல்லை. தாம் பம்பாயில் வரவழைத்துப் படித்துவந்த பயாஸ்கோப் என்னும் வார இதழின் பெயர்ப்பலகையை ஒரு தெருவில் கண்டார். நேரே உள்ளே புகுந்து ஆசிரியர் கேபர்னைக் கண்டார். அவரோ, இங்கிலாந்திலேயே படமெடுப்போர் பலர் நொடித்துப் போயினர், இந்தியத் தட்பவெப்பமும் இத்தொழிலுக்கு ஒவ்வாது, திரும்பிச் செல்வதே நலம் என்று அறிவுறுத்தினார். வந்தவர் திரும்புவதாக இல்லை என்று கண்டதும், அவரே சிசில் ஹெப்வொர்த் என்னும் புகழ்பெற்ற தயாரிப்பாளரிடம் அழைத்துச் சென்றார். ஹெப்வொர்த் தம் படக்கூடம் முழுவதையும் திறந்து காட்டினார். இரண்டே வாரம்! அவ்வளவே பால்கே பெற்ற கல்வி. வில்லியம்சன் படப்பிடிப்புக் கருவிக்கும், படச்சுருளில் துளையிடும் பொறிக்கும் பணம் கட்டிவிட்டு, ஏப்ரல் முதல் நாள் பம்பாய் வந்திறங்கினார். அன்றே பால்கே பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கருவிகள் இன்னும் கடலில் வந்துகொண்டிருந்தன!

மே மாதம் பெட்டிகள் வந்தன. உடன் வந்த வரைபடத்தைப் பார்த்து நான்கு நாளில் பொறிகளைப் பூட்டினார். குடும்பம் சர்னி சாலையிலிருந்து தாதருக்குக் குடிபெயர்ந்து, மதுராபவனம் என்னும் வீட்டில் தங்கியது. வீட்டின் வளவில் சிறு கூடமும் இருட்டறையும் எழுந்தன. அந்நாளில் வந்த படச்சுருள்கள் ஓரத்தில் துளையின்றி வரும்; துளை இருந்தால்தான் கருவியின் பற்கள் பற்றி இழுக்கும். இருளில் தடவித் தடவி, ஒவ்வொரு துளையும் பிசகாமல், நூற்றுக்கணக்கான அடி நீளத்திற்குத் துளையிடவேண்டும். இவ்வேலையைக் கற்றுக்கொண்டவர் சரசுவதி பாய். பகலெல்லாம் வீட்டுப்பணி, இரவெல்லாம் துளையிடும் பணி. படச்சுருளைக் கழுவும் மருந்து நீர்களைக் கலப்பதும் அவர் கையில் வந்தது. பின்னர் வெயிலில் நடிகர் முகத்தில் ஒளி விழும்படி வெள்ளைத் துணியை மணிக்கணக்கில் ஏந்தி நிற்பதும் அவர் பங்காயிற்று. இந்நாட்டில் படத்தொழில் புரிந்த முதற்பெண் யார் என்று வினவுவோர், திரையில் தோன்றிய பெண்களையே தேடுகின்றனர். தாதர் வீட்டின் இருட்டறையில் தேடுவார் இலர்.

முதலில் அக்கம்பக்கத்துச் சிறுவர் விளையாடுவதைப் படம்பிடித்துப் பார்த்தார். கருவி வேலை செய்தது. எனினும் கதைப்படம் எடுக்கும் பொருளை நம்பித் தருவோர் யார்? ஆங்கு ஒரு உத்தி தோன்றியது. தொட்டியொன்றில் பட்டாணி விதையை இட்டு, அதன் முன் கருவியை அசையாது நிறுத்தி, ஒரு மாதத்திற்கும் மேலாக நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் எடுத்து வந்தார். முடிவில் திரையில் போட்டுக் காட்டியபோது, விதை வெடித்து, முளை நிமிர்ந்து, கொடியாகிப் படர்ந்தது. ஒரு மாத வளர்ச்சி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்தது. இதனைக் கண்ட நண்பர் யசுவந்தராவ் நாட்கர்ணி முதலியோர் கடன் தர முன்வந்தனர். சரசுவதி பாய் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இச்செய்தியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கதையாக அரிச்சந்திரன் வரலாறு அமைந்தது. மராத்தியரும் குசராத்தியரும் தமிழரும் ஒருங்கே அறிந்த கதை அது. நம் ஊர்த் தெருக்கூத்தில் மயான காண்டம் நிகழும் இரவில் அழாத பாட்டிமார் உண்டோ? பேச்சில்லாத படத்திற்கு, பார்ப்போர் முன்பே அறிந்த கதையே ஏற்றது என்பதைப் பால்கே நன்கு உணர்ந்திருந்தார்.

நடிகரைத் தேடிச் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தார். வந்தவர்களைக் கண்டு மனம் வெதும்பி, அழகற்ற முகத்தினர் வரவேண்டா என்று அடுத்த விளம்பரத்திற் சேர்க்கும்படி ஆயிற்று. நாடக நடிகர் தத்தாத்ரேய தாமோதர் தாப்கே அரிச்சந்திரன் ஆனார். சந்திரமதிக்கு—வடநாட்டில் தாராமதி என்பர்—பெண் கிடைக்கவில்லை. குடும்பப் பெண்கள் வாரார் என்பது தெரிந்ததே; ஆடல் மகளிரும் மறுத்தனர்; பொதுமகளிர் வாழும் தெருக்களுக்கும் சென்று கேட்டார்; அவர்களும் படத்தில் தோன்றுவது தம் தொழிலினும் இழிவு எனக் கருதிப் போயினர். நம் நாடக மேடைகளில் ஆடவர் பெண் வேடம் புனைந்து பெயர் பெற்ற காலம் அது. ஆகவே அவ்வழியே செல்லத் துணிந்தார். கிராண்ட் ரோட்டில் ஓர் உணவுக் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அங்கே சமையல் வேலை பார்த்த இளைஞனின் மெலிந்த கைகளும் முகச்சாயலும் அவர் கண்ணிற் பட்டன. மாதம் பத்து ரூபாய் பெற்றுவந்த அவனைப் பதினைந்து ரூபாய்க்கு அழைத்து வந்தார். அண்ணா சாளுங்கே என்னும் அச்சமையற்காரரே இந்தியத் திரையின் முதல் அரசி. பெண் வேடம் பூண்டோர் மீசையை மழிக்க மறுத்தனர் என்பதும் ஒரு செய்தி. தந்தை இருக்கையில் மீசை எடுத்தல் வழக்கமன்றாம். அவர்களை இணங்கச் செய்வதற்குள் பால்கே பட்ட பாடு பெரிது. படத்தில் நடிக்கிறோம் என்று சொன்னால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று நடிகர்கள் அஞ்சவே, அரிச்சந்திரனின் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாகச் சொல்லுங்கள் என்று அவர்களுக்கு வழி காட்டினார். கூடத்தில் இருந்தோர் அனைவருக்கும் சோறு சமைத்தவர் சரசுவதி பாயே.

அரிச்சந்திரன் மகனாகப் பால்கேயின் மகன் பாலச்சந்திரனே நடித்தான். வெளிக்காட்சிகளுக்கு வாங்கணி என்னும் சிற்றூருக்குச் சென்றனர். பால்கே வந்து சேருமுன்பே, வேடமும் வாளும் தரித்த நடிகர்களைக் கண்ட ஊரார் கொள்ளைக் கூட்டம் என்று நடுங்கி ஊர்ப் பாட்டீலிடம் முறையிட, போலீசார் வந்து எல்லோரையும் பிடித்துவைத்துக்கொண்டனர். பால்கே ஓடிவந்து, கருவியைத் திறந்து காட்டி, படச்சுருள் இடாமலே படம்பிடிப்பது போல் ஒரு காட்சியை நடித்துக் காட்டிய பின்னரே விடுதலை கிடைத்தது. படச்சுருளை வீணாக்காமல் போலீசாருக்கு விளக்கிய சிக்கனத்தை யாம் பெரிதும் சுவைத்தோம்.

அதே ஊரில் நேர்ந்த பிறிதொரு நிகழ்ச்சி அத்துணைச் சுவையானதன்று. விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் பாலச்சந்திரன் பாறையில் விழுந்து தலையில் அடிபட்டு நினைவிழந்தான். உடனே பம்பாய்க்குக் கொண்டுசெல்லுமாறு உடனிருந்தோர் கூறினர். எடுக்கவேண்டியிருந்ததோ, இறந்த மைந்தனைச் சிதையில் கிடத்தும் காட்சி. முதலுதவி செய்தபின், அக்காட்சியை முடித்துக்கொண்டே தந்தை புறப்பட்டார் என்று வரலாறு கூறுகின்றது. பையன் பிழைத்தான். எனினும் யாம் இதனைப் போற்றி எழுத விரும்பவில்லை. கையில் இருந்த பொருளும் நாளும் சுருங்கிவந்த நிலையில், அவர் மனம் எவ்வளவு இறுகிப் போயிருந்தது என்பதற்குச் சான்றாக மட்டுமே குறிக்கின்றோம்.

படப்பிடிப்பாளராகப் பணியாற்றியவர் திரியம்பக் தெலங் என்னும் நண்பர். அவருக்கும் கருவியைக் கையாளக் கற்றுக்கொடுத்தவர் பால்கேயே. தாம் சில திங்களுக்கு முன் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தார், கதை எழுதினார், திரை தீட்டினார், ஒப்பனை செய்தார், படச்சுருளைக் கழுவி வெட்டி ஒட்டினார். பகலில் வெயிலொளியில் எடுத்ததை இரவில் கழுவிப் பார்ப்பர். சரியாக அமையவில்லையேல் மறுநாள் மீண்டும் எடுப்பர். ஆறு திங்களும் இருபத்தேழு நாட்களும் கழிந்து, 3,700 அடி நீளமுள்ள இராஜா அரிச்சந்திரா முடிவுற்றது. 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஒலிம்பியா கொட்டகையில் நகரப் பெருமக்களுக்குக் காட்டப்பட்டு, மே 3ஆம் நாள் கிர்காமின் காரனேஷன் கொட்டகையில் பொதுமக்களுக்கு வெளியாயிற்று.

இதற்கு ஓராண்டு முன்பு, 1912ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், அதே காரனேஷனில் தாதா சாகேப் டோர்ணே அவர்களின் புண்டலீகம் காட்டப்பட்டது உண்மை. அது மேடை நாடகத்தை அவ்வாறே பிடித்த படம், படம் பிடித்தவர் ஆங்கிலேயர், கழுவியதும் இலண்டனில். ஆதலின் முதன்மையைப் பால்கேக்கே பலரும் தருவர். ஆயினும் டோர்ணேயின் பெயரைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது என்பது எம் கருத்து.

படம் ஒரு வாரத்திற்கென்று இடப்பட்டு, அதற்கு மேலும் ஓடியது. ஆனால் நாடகம் என்றால் இரவு முழுவதும் நடக்கவேண்டும் என்று பழகிய மக்களுக்கு, ஒரு மணி நேரம்கூட நீளாத படத்திற்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. காரனேஷனிலேயே படத்தோடு நடனமும் வித்தைகளும் சேர்த்தே காட்டினர். சூரத்தில் முதற்காட்சிக்கு வந்த வருவாய் மூன்றே ரூபாய்! கொட்டகைக்காரர் படத்தை நீட்டுக அல்லது கட்டணத்தைக் குறைக்க என்றார். பால்கே இரண்டையும் செய்யவில்லை, விளம்பரத்தை மாற்றினார். ஐம்பத்தேழாயிரம் ஒளிப்படங்கள், இரண்டு மைல் நீளம், எல்லாம் மூன்றணாவிற்கு என்று அறிவித்தார். மக்கள் திரண்டனர். (3,700 அடி ஒரு மைலுக்கும் குறைவு என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் உடனே கணக்கிட்டுச் சொல்வர். வாணிகம் அவரையும் சற்றுத் தளர்த்தியது போலும்.)

அவ்வாண்டே நாசிக்கிற்கு இடம் மாறினார். அடுத்த படமான மோகினி பஸ்மாசுரனில் பெண் வேடத்திற்குப் பெண்களே வந்தனர்: துர்காபாய் காமத் பார்வதியாகவும், அவர் மகள் கமலாபாய் மோகினியாகவும் நடித்தனர். முதற்படத்தில் இயலாதது இரண்டாவதில் இயன்றது. 1914இல் மூன்று படங்களோடு மீண்டும் இலண்டன் சென்றார். இரண்டாண்டுகளுக்கு முன் திரும்பிப் போகச் சொன்ன நகரமே இப்போது அங்கேயே தங்கிப் படமெடுக்க அழைத்தது. அவர் இசையாமல் திரும்பினார். திரும்பிய வேளையில் உலகப் போர் மூண்டது. பொருள் தந்தோர் கைவிட்டனர். மீண்டும் கடன், மீண்டும் வறுமை. 1917இல் இலங்கா தகனம் வெளிவந்து அவரை மீட்டது. இதில் சாளுங்கே இராமனாகவும் சீதையாகவும் இரு வேடமும் தாமே புனைந்தார்! இப்படம் சென்னையில் காட்டப்பட்டபோது, குவிந்த சில்லறைக் காசுகளை மாட்டுவண்டியில் ஏற்றிப் போலீசுக் காவலோடு கொண்டுசெல்ல நேர்ந்தது என்பர். நம்மவர் கொடுத்த அணாக்கள் நாசிக்கில் அடுத்த படத்திற்கு விதையாயின என்பதில் நமக்கும் சிறு பெருமை உண்டு.

1918இல் செல்வர் சிலரோடு கூடி இந்துஸ்தான் சினிமா பிலிம்ஸ் என்னும் நிறுவனம் கண்டார். கிருஷ்ண ஜன்மமும், அதன்பின் காளிய மர்த்தனமும் வந்தன; தம் மகள் மந்தாகினியையே கண்ணனாக்கினார். ஆனால் பங்காளிகளோடு ஒத்துப்போவது அவர்க்கு அச்சகக் காலத்திலும் கைவரவில்லை, இப்போதும் கைவரவில்லை. கருவி பழுதானால் திருத்துவார், நடிகர் இல்லையேல் சமையற்காரரை நடிகராக்குவார். கணக்கு கேட்கும் கூட்டாளியைப் பொறுப்பதற்கு மட்டும் அவரால் தம்மைத் திருத்திக்கொள்ள இயலவில்லை. எல்லாம் துறந்து காசிக்குச் சென்றார். அங்கே இருந்து ஒரு நாடகம் எழுதினார். 1922இல் திரும்பி அதே நிறுவனத்தில் பணியேற்றார். பழைய செல்வாக்கு திரும்பவில்லை.

1931இல் ஆலம் ஆரா பேசியது. அவ்வாண்டே, நம் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ், இப்பம்பாயிலேயே உருவாயிற்று; டி. பி. இராஜலக்ஷ்மி இங்கு வந்து நடித்துச் சென்றார். பால்கேயோ அப்போது சேது பந்தனம் என்னும் ஊமைப்படத்தோடு போராடிக்கொண்டிருந்தார். அது முடிந்தபோது ஊமைப்படம் பார்ப்பார் இல்லை. பின்னர் அதற்குக் குரல் சேர்க்கவேண்டியதாயிற்று. 1937இல் கோலாப்பூரில், அறுபத்தேழாம் வயதில், கங்காவதரணம் என்னும் பேசும்படத்தை இயக்கினார். அவர் எடுத்த பேசும்படம் அது ஒன்றே. கடைசிப் படமும் அதுவே. ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பெரும்படங்களும் இருபத்தேழு சிறுபடங்களும் அவர் கைவண்ணம் என்பர். அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் காலமானார். செய்தி பெரிதாகப் பேசப்படவில்லை. அவர் பெயரால் விருது அமைந்தது 1969இல். அப்போது அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இராஜா அரிச்சந்திராவின் முதற்சுருளும் நான்காம் சுருளும் மட்டும் புனே ஆவணக் காப்பகத்தில் எஞ்சியுள்ளன. அவையும் 1917இல் பால்கே அக்கதையையே திரும்பவும் எடுத்தபோது உருவானவை என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இப்போது அவற்றை வீட்டிலிருந்தே கைப்பேசியில் காணலாம். யாமும் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து கண்டோம். அரசன் தன் மைந்தனுக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கின்றான். அரசி அருகே நின்று பார்க்கின்றாள். அரசியின் கைகள் ஏன் இத்துணைப் பெரியனவாக உள்ளன என்று சிறியவள் கேட்டாள். அவளுக்குக் கிராண்ட் ரோட்டு உணவுக் கடையின் கதையைச் சொன்னோம். பிறகு, அவள் கேளாமலே, தாதர் வீட்டில் இருளில் அமர்ந்து துளையிட்டுக்கொண்டிருந்த அம்மையாரின் கதையையும் சொன்னோம்.